நின்றால் முள் ஏறுது, ஓடினால் இறங்குது: ஐடிலில் ஓவர்ஹீட் ஆகும் காரைச் சரிசெய்வது எப்படி

சிக்னலில் நிற்கிறீர்கள், டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மெல்ல மேலே போகிறது, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் தானாகவே பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் கார் இப்படி நடந்துகொண்டால் அந்த இறக்கம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் பெரும்பாலும் வீட்டில் வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதை விட்டுவிட்டு "ஹீட் ஆகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டு, ரேடியேட்டரை மாத்து" என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும், முள் ஏறுவது நிற்காது.

ஏன் நிற்கும்போது மட்டும் சூடாகிறது? வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நின்றுவிட்டால் அந்தக் காற்று கிடையாது, முழு வேலையும் ஃபேன் தலையில் விழுகிறது. இன்னொன்று, பெரும்பாலான கார்களில் வாட்டர் பம்ப் பெல்ட்டிலோ டைமிங் பெல்ட்டிலோ எஞ்சினோடு சேர்ந்துதான் சுழலும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் 700, 800 ஆர்பிஎம்-இல் ஓடும்போது, பம்ப் தள்ளும் கூலண்டும் (எஞ்சின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துப் போகும் திரவம்) குறைவு. ஆக நிற்கும்போது காற்றும் குறைவு, கூலண்ட் ஓட்டமும் குறைவு. ஓடும்போது தெரியாத சின்னக் குறைபாடு எல்லாம் அந்த நேரத்தில் வெளியே வந்துவிடும். மாறாக, நின்றால் பரவாயில்லை, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால்தான் சூடாகிறது என்றால் அது வேறு கதை. ரேடியேட்டர் குழாய் அடைப்பு, முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), உறிஞ்சும்போது அமுங்கிப்போகும் கீழ் ஹோஸ் (ரேடியேட்டரின் ரப்பர் குழாய்) என்று அங்கே சந்தேகப்பட வேண்டிய பட்டியலே வேறு.

வேலையில் இறங்கும் முன் பாதுகாப்பு. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடான திரவம் அழுத்தத்தில் அடங்கி இருக்கிறது, மூடி லேசாகத் திரும்பி அழுத்தம் வெளியேறிய நொடியே அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். துணியைச் சுற்றித் திறக்கலாம் என்பதும் வேண்டாம், ஒரு மணி நேரம் பொறுங்கள், மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், கை வைத்துப் பிடிக்கும் அளவுக்கு ஆறி, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் மட்டும் திறங்கள். அப்புறம் மின் ஃபேன்: பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று ஓடத் தொடங்கும். பிளேடுக்குப் பக்கத்தில் கை வைக்க வேண்டிய வேலை என்றால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிவிடுங்கள், எஞ்சின் ஓடும்போது தொங்கும் துணி, விரித்த முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

சாலையில் நிற்கும்போதே முள் ஏறினால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அப்படியும் முள் சிவப்பைத் தொட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து போக அந்தக் கொஞ்ச தூரம் போதும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, திடீர்க் குளிர்ச்சியில் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம்.

முதலில், உண்மையிலேயே சூடாகிறதா?

இதைக் கேட்டால் சிலருக்கு எரிச்சல் வரும், ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும். பல கார்களின் டெம்பரேச்சர் மீட்டர் உண்மையான அளவை அப்படியே காட்டுவதில்லை. கிட்டத்தட்ட 80 டிகிரியிலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காக. அதனால் முள் நடுவைத் தாண்டி நகர்ந்துவிட்டது என்றாலே விஷயம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள். சில கார்களில் முள்ளே கிடையாது, குளிர்ச்சிக்கு நீல விளக்கு, ஆபத்துக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

ஆகவே காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு சாதாரண ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, கைப்பேசியில் கூலண்ட் டெம்பரேச்சரை எண்ணாகப் பார்க்கலாம். காரில் வேலை பார்க்க விரும்புகிற யாருக்கும் நான் முதலில் வாங்கச் சொல்லும் கருவி இதுதான். சரியாக இருக்கும் எஞ்சின் பொதுவாக 90-க்கும் 105-க்கும் இடையில் ஆடும். நிற்கும்போது ஏறும், ஏதோ ஓர் அளவில், பல வண்டிகளில் 95 முதல் 105-க்குள், ஃபேன் சுழலத் தொடங்கும், சில டிகிரி இறங்கும், ஃபேன் நிற்கும், மறுபடி ஏறும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 110-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் கோளாறு நிச்சயம், சோதனையை அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளையும் படித்துவிடுங்கள். பி0480 என்றால் ஃபேன் கட்டுப்பாட்டு மின்சுற்றில் கோளாறு, பி0115 முதல் பி0118 வரை என்றால் கூலண்ட் சென்சார் அல்லது அதன் வயரிங், பி0217 என்றால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதைக் கம்ப்யூட்டரே பதிந்து வைத்திருக்கிறது. எண் 90 என்று காட்டும்போது முள் சிவப்பில் நின்றால் மீட்டரையோ அதற்கான தனி சென்சாரையோ சந்தேகப்படுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் சாவியைப் போட்டதும் கூலண்ட் எண் வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதே சம்பந்தமில்லாத எண்ணைக் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

அடுத்து கூலண்ட் அளவு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வண்டி சமதரையில் நிற்கும்போது பார்க்க வேண்டும். டேங்கில் MIN, MAX கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியேட்டரிலேயே தனி மூடி உள்ள வண்டிகளில் ஓரமாக இருக்கும் டப்பா நிறைந்திருந்து ரேடியேட்டர் காலியாக இருப்பதும் உண்டு, மூடியின் ரப்பர் போய்விட்டால் ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சாது. அதனால் ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கூலண்ட் கழுத்து வரை நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது, ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. ஹோஸ் கிளிப் ஓரங்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் இடம், வாட்டர் பம்ப்புக்குக் கீழே, முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட், இவற்றில் காய்ந்த வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கறையைத் தேடுங்கள்.

ஃபேன்: பாதிக்கு மேல் விஷயம் இங்கேதான்

ஐடிலில் மட்டும் சூடாகும் வண்டியில் என் முதல் சந்தேகம் எப்போதும் ஃபேன் மேல்தான். சோதிப்பதும் எளிது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் பிடித்ததுமே, அல்லது சற்று நேரத்தில் கேஸ் அழுத்தம் ஏறியதும், ஃபேன் சுழல வேண்டும். ஏசியைப் போட்டும் ஃபேன் அசையவே இல்லை என்றால் கிட்டத்தட்ட ஆளைப் பிடித்துவிட்டீர்கள். நிற்கும்போது ஏசியில் குளிர்ச்சி குறைந்து ஓடும்போது மட்டும் ஜில்லென்று வருகிறது என்று ஏற்கெனவே உங்களுக்கு ஒரு குறை இருந்திருந்தால் அதுவும் இதே ஃபேனின் கைவேலையாக இருக்கலாம். ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று இழுப்பது ஒரே ஃபேன்தானே.

சில வண்டிகளில் இரண்டு ஃபேன் இருக்கும். ஒன்று சுற்றுவதைப் பார்த்து "ஃபேன் ஓடுது" என்று முடிவுகட்டிவிட வேண்டாம், இரண்டையும் பாருங்கள். இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் மெதுவான வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது எரிந்துபோனால் மெது வேகம் வராது, மிக அதிகச் சூட்டில்தான் ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் அலறிக்கொண்டு கிளம்பும். அதுவரை முள் மேலே போய்ப் போய் வரும். இந்த அறிகுறியைப் பலர் "ஃபேன் நல்லாத்தான் ஓடுது" என்று கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஃபேன் ஓடவில்லை என்றால் வரிசையாகப் போங்கள். முதலில் ஃபியூஸ், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்ப், பானெட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இருக்கும். அது எரிந்திருந்தால் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் மறுபடி எரிந்தால் மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம், பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், வயர் பற்றிக்கொள்ளும். அடுத்தது ரிலே, ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் குட்டி ஸ்விட்ச். அதே பெட்டியில் அதே எண் போட்ட ரிலே ஹாரனுக்கோ வேறு எதற்கோ இருக்கும், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடி ஹாரன் நின்றுபோனால் ரிலேதான் குற்றவாளி, மிகச் சின்னச் செலவில் வேலை முடிந்தது.

ரிலே சரி என்றால் ஃபேன் கனெக்டரைக் கழட்டிப் பாருங்கள். இங்கே கண்ணை நன்றாக ஓட்ட வேண்டும். ஃபேன் இழுக்கும் மின்சாரம் அதிகம், பின்கள் கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த இடம் சூடாகும். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பாகி, லேசாக உருகி, உள்ளே இருக்கும் தகடு பளபளப்புப் போய் நீலம் பாய்ந்திருக்கும். அப்படி இருந்தால் புது மோட்டார் போட்டாலும் பயனில்லை, கனெக்டரையும் அந்தத் துண்டு வயரையும் மாற்றியே ஆக வேண்டும். கனெக்டர் நன்றாக இருந்தால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு கெட்டியான வயரை நேரடியாக மோட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நல்லது, குறை வயரிங்கிலோ சென்சாரிலோ இருக்கிறது. சுழலவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டுங்கள், தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, இன்று ஓடினாலும் நாளை நிற்கும். ஒரு எச்சரிக்கை: இரண்டு தடித்த வயரோடு மெல்லிய சிக்னல் வயரும் போகும் நவீன ஃபேன்களில் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரோடு சேர்ந்தே இருக்கும், அவற்றுக்கு இந்த நேரடி பேட்டரி சோதனை வேண்டாம், ஸ்கேனரில் ஃபேனை இயக்கும் கட்டளை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மோட்டார் நல்லது, ரிலே நல்லது, ஆனால் தானாக ஓட மாட்டேன் என்கிறதா? கூலண்ட் சென்சார் கனெக்டரை எஞ்சின் ஓடும்போது கழட்டிப் பாருங்கள். பல கார்களில் சென்சார் தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். அப்படி ஓடினால் சென்சாரையோ அதன் வயரையோ பாருங்கள். கழட்டியதால் எஞ்சின் விளக்கு எரியும், பிழைக் குறியீட்டை அழித்துவிட்டால் போதும். பழைய வண்டிகளில் ரேடியேட்டரின் அடியிலோ பக்கத்திலோ திருகப்பட்ட தனி தெர்மோ ஸ்விட்ச் இருக்கும், அதன் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டால் ஃபேன் ஓட வேண்டும்.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் சோம்பலாக ஓடுகிறது என்பதும் உண்டு. மல்டிமீட்டரை எடுத்து, ஃபேன் ஓடும்போதே அதன் முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருந்து, முழு வேகத்தில் ஓட வேண்டிய ஃபேனில் 11 மட்டுமே வந்தால் நடுவில் எங்கோ துரு, அல்லது எர்த் வயர் பாடியில் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த எர்த் போல்ட்டைக் கழட்டி, எமரித் தாளால் தேய்த்து, இறுக்கிப் போடுங்கள், ஃபேன் சத்தமே மாறிவிடும். பேட்டரியிலேயே ஐடிலில் 12.5-க்குக் கீழே கிடந்தால் ஆல்டர்னேட்டரைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கூத்து, மோட்டார் மாற்றிய கையோடு பிளஸ் மைனஸ் மாறிப்போய் ஃபேன் எதிர்த்திசையில் சுழல்வது. பார்ப்பதற்கு ஜோராக ஓடும், ஆனால் காற்றை எஞ்சின் பக்கம் இழுக்காமல் முன்னால் தள்ளும். ஓடும்போது எதிர்க்காற்றோடு சண்டை போடும். ஒரு தாளை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள், ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் திசை தப்பு. அதேபோல ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை, ஷ்ரௌட் என்பார்கள், வேலை செய்யும்போது இடைஞ்சல் என்று கழட்டியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் ஓரத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ஐடில் சூட்டுக்கு இது ஒன்றே போதும்.

எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் எஸ்யூவி, வேன், பிக்கப் வகைகளில் மின் ஃபேனுக்குப் பதில் விஸ்கஸ் கிளட்ச் வைத்த ஃபேன் எஞ்சினோடே சுழலும். உள்ளே சிலிக்கோன் எண்ணெய் இருக்கும், ரேடியேட்டர் வழியாக வரும் சூடான காற்று பட்டதும் அது கிளட்ச்சை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் கசிந்துபோனால் ஃபேன் பேருக்குச் சுழலும், காற்று வராது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிவிடுங்கள். தடையோடு உடனே நின்றால் நல்லது. எந்தத் தடையும் இல்லாமல் லகுவாகச் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் போச்சு. கிளட்ச் நடுவிலிருந்து வெளிப்பக்கம் எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அதுவும் அதே தீர்ப்புதான்.

காற்று போகும் வழி

ஃபேன் சரி, ஆனாலும் சூடா? ரேடியேட்டரை முன்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கண்டென்சர் சுத்தமாகப் பளிச்சென்று இருக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள விரல் நுழையாத இடைவெளியில் தூசி, பூச்சி, மகரந்தம், காய்ந்த இலைத்தூள் எல்லாம் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாக ஒட்டியிருக்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழட்டி, அந்த இடைவெளிக்குள் மேலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்த்தால்தான் இது தெரியும். முன்பக்கம் நின்று "ரேடியேட்டர் கிளீனா இருக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கழுவுவதற்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக அடிக்க வேண்டும். ஹை பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கிப் படுத்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் காற்றே போகாது. ஃபேனைக் கழட்டிவிட்டுக் கழுவினால் ஒழுங்காக வேலை முடியும்.

ரேடியேட்டருக்கு உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உதவும். எஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ரேடியேட்டர் முகத்தை எட்டும் இடத்திலெல்லாம் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள், கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை. வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டிகளிலும், ஒழுகலை அடைக்க என்று பொடி போட்ட வண்டிகளிலும் இது சகஜம். அந்தப் பொடி ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டம் குறைவா என்று பிரித்தறிவது

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மின் ஃபேன் உள்ள காரில், நின்ற இடத்திலேயே, எண் 105-ஐ நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து 2000 ஆர்பிஎம்-இல் ஒரு நிமிடம் பிடியுங்கள். காற்று மாறவில்லை, ஃபேன் அதே ஃபேன்தான், மாறியது பம்ப் வேகம் மட்டும். இப்போது சூடு குறைந்தால் கூலண்ட் ஓட்டத்தில் குறை: அளவு குறைந்திருக்கிறது, காற்று அடைத்திருக்கிறது, பெல்ட் நழுவுகிறது, அல்லது பம்ப்புக்குள் கூலண்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. சூடு குறையாமல் மேலும் ஏறினால் காற்றுப் பக்கமே திரும்பிப் போங்கள். விஸ்கஸ் ஃபேன் வண்டியில் இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசாது, ஏனென்றால் அங்கே ஃபேனும் சேர்ந்து வேகமாகும்.

இதற்குத் துணையாக ஹீட்டரைக் கேளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹீட்டரைப் போட்டு, ஐடிலில் காற்று வெதுவெதுப்பாகி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் சுடச்சுட வந்தால் கூலண்ட் ஹீட்டர் வரை எட்டவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் உள்ளே காற்று இருப்பது உறுதி.

காற்றை வெளியேற்றுவது பொறுமையான வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து நிரப்புங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட் பக்கத்திலோ மேல் ஹோஸிலோ காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, குமிழ் இல்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள். பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, குமிழ்கள் வர வர அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழ் நின்றதும், கொதி நிலைக்குப் போக விடாமல், மூடியைப் போட்டுவிடுங்கள். மூடி இருக்கும் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் தனிப் புனல் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். சில மாடல்களில் வெற்றிடம் வைத்து உறிஞ்சித்தான் நிரப்ப வேண்டும், மின் பம்ப் வைத்த ஹைப்ரிட் வண்டிகளில் ஸ்கேனர் கட்டளை வேண்டும், அதனால் மேனுவலை ஒருமுறை பாருங்கள்.

பம்ப்பைப் பொறுத்தவரை, அதன் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அங்கிருந்து கசிவுக் கறை வந்திருந்தால் சீல் போய்விட்டது. பெல்ட்டைக் கழட்டி புல்லியை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தாலும் கரகரத்தாலும் மாற்ற வேண்டும். வெளியில் எந்தக் குறையும் தெரியாமல் உள்ளே பிளாஸ்டிக் இம்பெல்லர் மட்டும் தண்டிலிருந்து விடுபட்டு நழுவுவதும், இரும்பு இம்பெல்லர் துருவில் கரைந்து மொட்டையாவதும் உண்டு. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், தனித்தனியாகச் செய்தால் அதே பிரித்தலை இரண்டு தடவை செய்ய வேண்டி வரும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐடிலில் மட்டும் சூடாகும் வண்டியில் இது பட்டியலின் மேலே வராது, பாதியில் சிக்கிய தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஓடும்போதும் தொல்லை கொடுக்கும். சந்தேகம் இருந்தால் கழட்டி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணில், 82 என்றோ 88 என்றோ இருக்கும், திறக்கத் தொடங்க வேண்டும், அதைவிடப் பத்து டிகிரி சொச்சம் மேலே போனால் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். கெட்டிருந்தால் அதே எண்ணில் புதிது போடுங்கள். கழட்டி எறிந்துவிட்டு அது இல்லாமல் ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டை எட்டாமல் எரிபொருள் அதிகம் குடிக்கும், எண்ணெயில் ஈரமும் எரிபொருளும் சேர்ந்து தேய்மானம் கூடும், உண்மையான கோளாறு அதுபாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

மூடியையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பல வண்டிகளில் அது 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, மேலேயே எழுதியிருக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், 1 பார் அழுத்தத்தில் அது 128-ஐ ஒட்டிப் போகும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய், சாதாரண ஐடில் சூட்டிலேயே கொதித்து டப்பா வழியாக வெளியே கொட்டும். விலை குறைந்த பாகம், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம், அழுத்த எண் மட்டும் பழையதுபோலவே இருக்க வேண்டும்.

கூலண்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் வரும். மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்கள். கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும், ஏற்கெனவே கலந்தது என்றால் அப்படியே ஊற்றலாம். இறக்கிய பழையதைத் தரையில் ஊற்றாதீர்கள், கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், நாயோ குழந்தையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் சரி, இன்னும் ஏறுது என்றால்

சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட்டை இப்போது சந்தேகப்படலாம், அதற்கு முன்னால் வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரிபுகை கூலண்டுக்குள் கசிகிறது. டேங்கில் நிற்காமல் குமிழ் வருவது, வெளியே ஒழுகாமலே கூலண்ட் குறைவது, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை தொடர்ந்து வருவது, எண்ணெய் பால் கலந்ததுபோல மாறுவது எல்லாம் அதே பக்கம் கைகாட்டும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் எண்ணெய் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை இருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், உடனே பயப்படாதீர்கள். உறுதிசெய்ய ரசாயனச் சோதனை உண்டு: டேங்க் வாயில் குழாயை வைத்து நீல திரவம் வழியாக ஆவியை இழுப்பார்கள், பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறினால் கசிவு உண்மை. இந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் ஏற்றி அனுப்புவதுதான் எஞ்சினுக்கு நல்லது. ஹெட்டைக் கழட்டினால் வளைவு பார்த்து, தேவைப்பட்டால் சீவி, புது போல்ட்டோடு மாட்டச் சொல்லுங்கள்.

எதைச் சரிசெய்திருந்தாலும் வேலை முடிந்ததும் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஏசி போடாமல் அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிடுங்கள், திறந்தவெளியில், ஸ்கேனர் எண்ணைப் பார்த்துக்கொண்டே. ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓடி, எண் ஒவ்வொரு முறையும் அதே அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு ஏசியைப் போட்டு இன்னும் பத்து நிமிடம். மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போது டேங்கில் அளவைப் பார்த்து, பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் முறை கொஞ்சம் இறங்கினால் மிச்சமிருந்த காற்று வெளியேறியது என்று நிரப்பிக்கொள்ளலாம், அடுத்த வாரமும் கோட்டுக்குக் கீழே போனால் கூலிங் சிஸ்டத்துக்குக் கை பம்ப் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைக் கொடுத்து, எங்கே கசிகிறது என்று தேடத் தொடங்குங்கள்.